செஜானஸ் கட்டிய முகாம்

ரோமில் அப்போது அரசியல் செய்யும் உரிமை பழைய செனட் குடும்பங்களுக்குத்தான் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. வோல்சீனி என்ற சிற்றூரில் பிறந்த லூசியஸ் ஏலியஸ் செஜானஸ், அவர்களுக்கு அடுத்த படியிலிருந்த குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்தவர். கி.பி. 14இல் டைபீரியஸ் பேரரசரானபோது, தந்தையோடு சேர்ந்து, பேரரசரைக் காக்கும் பிரிட்டோரியன் காவற்படையின் தலைவரானார். விரைவில் தந்தை எகிப்தின் ஆளுநராகப் போய்விட, படை முழுவதும் மகன் கைக்கு வந்தது.

ஊருக்குள்ளும் வெளியிலும் சிதறிக் கிடந்த காவலர்களை விமினால் குன்றின் அருகே ஒரே முகாமில் குவித்தார். அதிகாரிகளைத் தானே தேர்ந்தெடுத்தார். தலைநகரை மிரட்டவல்ல ஒரே படை இனி ஒருவரின் சொல் கேட்கும் என்றாயிற்று.

கி.பி. 23இல் பேரரசரின் மகன் துரூசஸ் இறந்தார். நோய் என்றே எல்லோரும் நம்பினார்கள். மூன்றாண்டுகள் கழித்து, ஸ்பெர்லோங்காவின் குகை விருந்தில் பாறை சரிந்தபோது டைபீரியஸைத் தன் உடலால் மறைத்துக் காத்தவர் செஜானஸ். அதன்பின் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. டைபீரியஸ் கப்ரி தீவில் குடியேறினார், ரோமுக்குத் திரும்பவேயில்லை. அங்கே போய்வந்த கடிதங்களைச் சுமந்தவர்கள் செஜானஸின் படைவீரர்கள். பேரரசரை எந்தச் செய்தி எட்ட வேண்டும் என்பது செஜானஸின் பிடிக்குள் வந்தது. அரச குடும்பத்து அக்ரிப்பினாவும் அவர் மகன் நீரோவும் (பிற்காலப் பேரரசர் அல்ல) நாடுகடத்தப்பட்டனர்.

கி.பி. 31இல் செஜானஸ் பேரரசரோடு கான்சல் பதவி வகித்தார். ஆனால் சந்தேகம் கப்ரியை எட்டிவிட்டது. அக்டோபர் 18 அன்று, பெரிய அதிகாரம் ஒன்று வழங்கப்படப்போகிறது என்று ஆசைகாட்டி, மாக்ரோ என்ற அதிகாரி அவரை அப்பல்லோ கோயிலில் கூடிய செனட்டுக்குள் அனுப்பினார். பிரிட்டோரியன்களுக்குப் பணம் வாக்களித்து முகாமுக்குத் திருப்பிவிட்டு, நகரின் இரவுக் காவலர்களை வாசலில் நிறுத்தினார். பேரரசரின் நீண்ட கடிதம் வேறு விஷயங்களில் சுற்றி, இடையிடையே செஜானஸைக் குறைகூறி, முடிவில் கைது செய்யச் சொன்னது.

அன்றே கொல்லப்பட்டார்.

உடலை மக்கள் மூன்று நாள் இழிவுபடுத்தி டைபர் நதியில் எறிந்தார்கள். அவருடைய பிள்ளைகளும் தப்பவில்லை. துரூசஸைக் கொன்றது நஞ்சு என்று எழுதிவைத்துவிட்டு, விவாகரத்தான மனைவி அப்பிகாட்டா உயிரை மாய்த்துக்கொண்டார். ஸ்பெயினின் பில்பிலிஸ் நகர நாணயங்களில் செஜானஸின் பெயரைச் சுரண்டி எடுத்தார்கள்.

முகாமை யாரும் கலைக்கவில்லை. காவற்படைத் தலைவர் பதவி மாக்ரோவுக்குப் போனது. அடுத்த பேரரசர் கலிகுலாவின் காலத்தில் அவரும் தற்கொலைக்குத் தள்ளப்பட்டார். கி.பி. 41இல் கலிகுலாவை பிரிட்டோரியன் அதிகாரிகளே வெட்டிக் கொன்றார்கள். பிறகு கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸை அந்த முகாமுக்கு அழைத்துச் சென்று பேரரசர் என்று அறிவித்தார்கள் காவலர்கள். செனட் இணங்க வேண்டியதாயிற்று.