உப்பாற்றங்கரை வீடு



நம் சன்னிவேலில் 1950-களில் ஜோசப் ஐக்ளர் கட்டிய வீடுகள் இன்றும் பல தெருக்களில் நிற்கின்றன. அப்படிப் பழைய வீடு வாங்குகிற நம்மவர்கள், "இடித்துவிடலாமா, மாற்றிக் கட்டலாமா?" என்று கேட்பார்கள். நான் கணக்கன், செலவைக் கூட்டிச் சொல்வேன். கூடவே இலங்கையில் உள்ள ஒரு வீட்டின் கதையையும் சொல்வேன்.

பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரிக்கரையில், பழைய ரப்பர்த் தோட்டத்து பங்களா ஒன்று. பெயர் லுணுகங்க, சிங்களத்தில் உப்பாறு என்று பொருள். 1948-இல் அதை வாங்கிய ஜெஃப்ரி பாவா ஒரு வழக்கறிஞர். மாற்றிக் கட்டத் தொடங்கிய பிறகுதான், ஆசை இருக்கும் அளவுக்குத் தொழிலறிவு இல்லை என்று அவருக்குப் புரிந்தது. லண்டன் சென்று படித்து, 1957-இல், 38 வயதில் கட்டடக் கலைஞரானார்.

பங்களாவை அவர் தரைமட்டமாக்கவில்லை. தெற்கே ஏரி தெரியும்படி எதிர்க்குன்றின் உச்சியைத் தாழ்த்தினார். குறுக்கே போன ஊர்ப்பாதையைப் பள்ளத்தில் மறைத்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடந்தது. நீர் சூழ நிற்கும் இலங்கை நாடாளுமன்றமும் (1982), நம் மதுரை கிளப்பும் அவர் வடிவமைத்தவையே. 2003-இல் பாவா மறைந்தார். வீடு இன்று அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

இடிக்க ஒரு வாரம் போதும். அதற்கு முன் ஒரு வருடம் குடியிருந்து பாருங்கள்: வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று. வீட்டை மாற்ற வந்தவரை அந்த வீடே மாற்றியிருக்கிறது. கணக்கைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.