சனிக்கிழமை இல்லாத நெசவூர்

கால்பந்து ரசிகர்களின் அன்றாடப் பேச்சுக்கு ஒரு வரலாறு எழுதப் புகுபவர், விளையாட்டுத் திடலுக்குப் போவதற்கு முன்னால், இங்கிலாந்தின் நெசவாலைகளில் ஒட்டப்பட்டிருந்த வேலைநேர அறிவிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், துணியாலைகளில் பணிபுரிந்த பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை செய்யக்கூடாது என்று விதித்தது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் நடைமுறையில் அந்த அரைநாள் கிடைத்தது. ஒரே ஊரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே மணிக்கு, வாரக்கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்த அந்தப் பிற்பகலில்தான் கால்பந்தாட்டத்துக்குக் கூட்டம் பிறந்தது. கூட்டம் பிறந்தபின் அடுத்த சனிக்கிழமை வரை பேசுவதற்கு ஒரு பொருளும் கிடைத்தது.

இதற்குச் சான்றாகப் பருத்தி நெசவில் பெயர்பெற்ற லங்காஷயரின் பிளாக்பர்ன் நகரைக் குறிப்பிடலாம். அந்நகரின் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற குழு, 31 மார்ச் 1883 அன்று லண்டனில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், ஈட்டன் என்னும் மேட்டுக்குடிப் பள்ளியின் பழைய மாணவர் குழுவை, கூடுதல் நேரம்வரை நீண்ட ஆட்டத்தில், இரண்டுக்கு ஒன்று என வென்றது. வென்ற குழுவில் நெசவாளரும் வார்ப்பாலைத் தொழிலாளரும் இருந்தனர். தோற்ற குழுவின் தலைவரோ பின்னாளில் பிரபுப் பட்டம் பெற்ற ஆர்தர் கின்னைர்ட். மறு ஆண்டு அதே நகரின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் குழு இறுதியாட்டத்துக்கு வந்தபோது உடன்வந்த ரசிகர்களின் உடையையும் பேச்சையும் லண்டன் நாளிதழ் ஒன்று ஏளனம் செய்து எழுதியது. ரசிகர் பேச்சு ஆவணத்தில் ஏறியது இப்படி வசையாகத்தான் என்பது சுவையான செய்தி. 1888இல் பன்னிரண்டு குழுக்களோடு தொடங்கிய கால்பந்து லீக்கில் ஆறு குழுக்கள் லங்காஷயரிலிருந்து வந்தவை. அவற்றுள் பிளாக்பர்ன், பர்ன்லி, போல்டன், பிரெஸ்டன், அக்ரிங்டன் ஆகியவை பருத்தியால் வாழ்ந்த ஊர்கள்.

இந்த ஊர்களுக்கும் தமிழகத்து நெசவாளர்களுக்கும் இருந்த தொடர்பு கால்பந்தைவிடப் பழையது. பிளாக்பர்ன் ஆலைகளின் முதன்மையான சரக்குகளில் ஒன்று இந்தியச் சந்தைக்கென்றே நெய்யப்பட்ட வேட்டி. அந்த வேட்டி இங்கே வந்து இறங்கியதும் பருத்தி நெய்த கைத்தறிகள் பல நின்றுபோயின. பின்னர் அந்நியத் துணிப் புறக்கணிப்பால் அங்கே ஆலைகள் மூடப்பட்டபோது, 1931 செப்டம்பரில் காந்தியடிகள் லங்காஷயருக்கே சென்று வேலையிழந்த தொழிலாளர்களைச் சந்தித்தார். ஆகவே சனிக்கிழமைப் பிற்பகலில் பிளாக்பர்ன் திடலில் நுழைவுச்சீட்டுக்குக் கொடுக்கப்பட்ட காசில் ஒரு பங்கு, சென்னை மாகாணத்துக் கடைவீதிகளில் வேட்டி வாங்கியவர்களிடமிருந்து போனது என்று சொன்னால் அது மிகையாகாது.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, இந்தக் கதையின் மறுமுனையில் இருக்கும் ஊர்களில் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டு முதல் மராத்தியர் வழிவந்த ஜாகிர்தார்களின் ஆளுகையில், அதாவது வரிவசூல் உரிமையோடு நிலமானியம் பெற்ற குடும்பத்தின் கீழ், இருந்த இவ்வூர், 1751இலும் 1782இலும் நடந்த இரண்டு போர்களால் ஆங்கிலேயரின் போர் வரலாற்றில் இடம்பெற்றது. வணிக வரலாற்றில் அது இடம்பெற்றது ஆரணி மஸ்லின் எனப்பட்ட மிக மெல்லிய பருத்தித் துணியால். ஆலைத்துணியின் முன் அந்த மஸ்லின் நிலைக்கவில்லை, பட்டு நிலைத்தது. இயந்திரம் எளிதில் பின்பற்ற முடியாத கரையும் முந்தியும், திருமணத்துக்குப் பட்டுதான் வேண்டும் என்ற வழக்கமும் பட்டுத்தறியைக் காத்தன. சௌராஷ்டிரர், செங்குந்தர் உள்ளிட்ட சமூகத்தவரின் கைகளில், காஞ்சிபுரத்துப் பட்டைவிடச் சற்று எடை குறைந்த சேலைகளுக்குப் பெயர்பெற்று, சுற்றியுள்ள சேவூர், தேவிகாபுரம் போன்ற ஊர்களையும் தன்னோடு இணைத்துக்கொண்டு ஆரணி வளர்ந்தது.

பட்டு நிலைத்த விதத்தில்தான் ரசிகர் பேச்சின் வேறுபாடும் அடங்கியிருக்கிறது. ஆரணியில் தறி வீட்டுக்குள் இருந்தது. தரையில் குழி தோண்டி, அதில் கால்களை இறக்கி மிதிகளை இயக்கும்படி அமைந்த குழித்தறியில், நெசவாளர் தம் வீட்டிலேயே வேலை செய்தார். நீளவாட்டில் பூட்டப்படும் பாவும், குறுக்கே ஓடும் ஊடையும், சரிகையும் முதலாளியிடமிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ வந்தன. கூலி மணிக்கணக்கில் கொடுக்கப்படாமல் நெய்த சேலைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்பட்டது. விடியலில் தொடங்குவதும் இரவில் முடிப்பதும் அவரவர் விருப்பம் என்று தோன்றினாலும், சேலை இறங்கினால்தான் காசு என்பதால் அந்த விருப்பத்துக்கு எல்லை குறுகியது. ஊருக்கெல்லாம் பொதுவான ஓய்வு என்றால் அது பட்டு நெசவூர்களில் தறியில் இறங்காத அமாவாசை நாள். அதை விட்டால் திருவிழாவும், குழியில் தண்ணீர் ஊறும் அடைமழையும்தான். வாரந்தோறும் ஒரே மணிக்கு வரும் சனிக்கிழமை இந்த ஊருக்கு இல்லை.

அதை உண்டாக்கும் முயற்சி நடக்காமலும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசின் தொழில்துறையை நடத்திய ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன், கைநெசவாளரை ஒரே கூரையின்கீழ் கூட்டி, குறித்த நேரத்தில் வரவழைத்து, விசைநாடாத் தறியில் நெய்யச் செய்யும் நோக்கத்தோடு சேலத்தில் ஒரு சோதனைக்கூடம் நிறுவினார். விசைநாடா என்பது கயிற்றை இழுத்ததும் ஊடைநூல் தாங்கிய நாடாவைத் தானே மறுபுறம் ஓடச்செய்யும் அமைப்பு. அதைக் கண்டுபிடித்த ஜான் கே லங்காஷயரின் பரி ஊரைச் சேர்ந்தவர், ஆண்டு 1733. கருவியை நெசவாளர்கள் நாளடைவில் ஏற்றார்கள். கூரையையும் மணியையும் ஏற்கத் தயங்கினார்கள். சோதனைக்கூடம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. லண்டனின் ஆட்சியாளர்கள் அரசு தொழில் நடத்துவதை விரும்பாததும் அதற்கொரு காரணம். ஆயினும் வீட்டுத்தறியை விட்டு வர மனமில்லாத நெசவாளர், தம்மை அறியாமலேயே, ஒரு கால்பந்துக் கழகம் பிறப்பதற்கான சூழலையும் தட்டிக்கழித்துவிட்டார் எனலாம்.

இதற்கு நேர்மாறான சான்று சென்னையிலேயே உண்டு. பெரம்பூர் வட்டாரத்தில் ரயில்வே பணிமனைகளும், 1870களிலும் 1880களிலும் நிறுவப்பட்ட பக்கிங்காம், கர்நாடிக் துணியாலைகளும், 1955இல் தொடங்கப்பட்ட ரயில்பெட்டித் தொழிற்சாலையும், சங்கு ஊதி ஆளைக் கூப்பிட்டு, சங்கு ஊதி ஆளை விட்டன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைகளின் வாசலில் உருவானதும், அதே வடசென்னையில் வியாசர்பாடி போன்ற பகுதிகள் கால்பந்துக்குப் பெயர்பெற்றதும் தொடர்பற்ற செய்திகள் அல்ல. ரயில்பெட்டித் தொழிற்சாலையும் தெற்கு ரயில்வேயும் சென்னை லீக்கில் குழுக்களை இறக்கின. பிள்ளைகள் பந்தாடக் கற்றால் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை வீட்டுப் பேச்சில் நுழைந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய சைமன் சுந்தரராஜ் தமிழர் என்பதும், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாகக் கோல் அடித்தது அந்த ஒலிம்பிக்கில்தான் என்பதும் வடசென்னைத் திடல்களில் அறியப்பட்ட அளவுக்குத் தமிழகத்தின் பிற ஊர்களில் அறியப்படவில்லை என்றே கருத வேண்டும்.

ஆனால் ஆரணியில் பேச்சு குறைவாக இருந்தது என்று முடிவுகட்டுவது பெரும் பிழையாகும். ஆலை நெசவாளருக்கு விசைத்தறியின் இரைச்சலில் பக்கத்து ஆளின் குரல் கேட்காது; லங்காஷயர்ப் பெண்கள் உதட்டசைவைப் பார்த்தே பேசப் பழகியிருந்தார்கள். குழித்தறியில் நிலைமை வேறு. கரையை உடலோடு பிணைத்து வேறு நிறத்தில் நெய்யும் கோர்வை முறையில், நெசவாளருக்குத் துணையாகக் கரைநாடாவை வீச இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்திருப்பார். திண்ணையிலோ உள்ளேயோ ஒருவர் தார் சுற்றிக்கொண்டிருப்பார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் நூலேற்றிக்கொண்டிருப்பார். விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பாவு விரித்துச் சீர்செய்யும்போது அண்டைவீட்டார் பலர் கைகொடுக்க வேண்டியிருக்கும். கையும் காலும் கட்டுண்டு காதும் வாயும் விடுபட்டிருக்கும் இந்தத் தொழிலில் பேச்சு வேலைக்கு இடையூறு அல்ல, வேலையின் ஒரு பகுதி. பிளாக்பர்ன்காரர் ஆலையில் அடக்கிவைத்ததைச் சனிக்கிழமை கொட்டினார். ஆரணிக்காரருக்கு அடக்கிவைக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அந்தப் பேச்சில் கட்சிகட்டும் சுவையும் இருந்தது. ஆரணி அடங்கிய வடஆர்க்காட்டுச் சீமை தெருக்கூத்தின் தாய்நிலம். செய்யாறு அருகிலுள்ள புரிசை கூத்துப் பரம்பரை உலகறிந்தது. திரௌபதியம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படிக்கப்பட்டு இரவில் கூத்து ஆடப்படும் விழாக்காலத்தில், எந்த ஜமாவின், அதாவது கூத்துக்குழுவின், கர்ணன் உயர்ந்தவன், எவர் குரல் கடைசி இரவுவரை தாங்கும் என்று பிரிந்து வாதிடுவது ரசிகர் பேச்சேயன்றி வேறில்லை. காமன் பண்டிகையையொட்டித் தமிழகத்தின் பல பகுதிகளில் பாடப்பட்ட லாவணியில் இந்த இயல்பு இன்னும் வெளிப்படையானது: சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு சாராரும், எரியவில்லை என்று மறு சாராரும், எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து விடியவிடியப் பாட்டிலேயே வாதிடுவர், கேட்க வந்தவர்கள் ஒரு கட்சியைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவர். வெற்றி தோல்வியை உறுதியாகத் தீர்க்கும் நடுவர் இல்லாததால் வாதம் அடுத்த ஆண்டுக்கும் மிச்சமிருந்தது என்ற வகையில், இது கால்பந்தைவிட ஒரு படி மேலானதாகவும் கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தறிவீட்டுக்குள் வானொலி வந்தது. 1950களில் தொடங்கி இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு, தமிழகத்தின் கடற்கரையிலிருந்து உள்நாடுவரை, வேலை செய்துகொண்டே கேட்போரின் உலகமாயிற்று. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களுக்கு நடிகர்களுக்கு இணையான ரசிகர்கள் இருந்தனர். பாட்டு கேட்டுக் கடிதம் எழுதியவர்களின் பெயரும் ஊரும் வாசிக்கப்பட்டபோது, ஒருவரையொருவர் பார்த்திராத நேயர்கள் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்துகொண்டார்கள். முகமறியாத ரசிகர்களின் கூட்டம் என்பதை இன்றைய கைபேசியின் கண்டுபிடிப்பாக எண்ணுவோர், அஞ்சலட்டையில் இயங்கிய இந்தக் கூட்டத்தை மறந்துவிடுகிறார்கள். திரைப்பட நடிகர்களுக்கான ரசிகர் மன்றங்களும் இதே பத்தாண்டுகளில் பெருகின. விளையாட்டைப் பொறுத்தவரை, அப்துல் ஜப்பார் போன்றோர் வழங்கிய தமிழ் வர்ணனை கிரிக்கெட்டைக் காதால் பார்க்கும் ஆட்டமாக ஆக்கியது. நாள் முழுதும் நீளும் ஐந்துநாள் டெஸ்ட் ஆட்டம், தலையைத் தூக்காமல் நாள் முழுதும் நெய்பவருக்கென்றே அமைந்ததுபோலப் பொருந்திவந்தது. தொண்ணூறே நிமிடங்களில் முடியும், கண்ணை எடுக்க இடம்தராத கால்பந்துக்குத் தறியோரத்தில் அந்த வாய்ப்பு அமையவில்லை.

1993இல் சென்னையில் நேரு விளையாட்டரங்கில் நேரு கோப்பைப் பன்னாட்டுப் போட்டி நடந்தபோதும், 2014இல் சென்னையின் எஃப்.சி. தொடங்கப்பட்டு 2015இலும் 2017–18 பருவத்திலும் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்றபோதும், ஆரணியிலிருந்து ஆட்டம் பார்க்கச் செல்வதென்றால் ஒரு நாள் நெசவை விட்டுவிடுவது என்றே பொருள். சூப்பர்மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் என்று பெயரிட்டுக்கொண்டு அரங்கில் கூடும் சென்னை ரசிகர் குழுக்கள், மாதச் சம்பளமும் வார விடுமுறையும் உள்ள நகரத்தின் பிள்ளைகள். ஆட்டத்தை ஊருக்கே கொண்டுவந்தது 2016க்குப்பின் மலிவான இணையமும், அதன்வழி வந்த தமிழ் வர்ணனையுமே. 2022 உலகக் கோப்பையை இணையத்தில் ஒளிபரப்பிய நிறுவனம் அதைத் தமிழிலும் வழங்கியது. கத்தாரில் நடந்த ஆட்டங்கள் இந்திய நேரப்படி பிற்பகல் மூன்றரை, மாலை ஆறரை, இரவு ஒன்பதரை, நள்ளிரவு பன்னிரண்டரை என நாளெல்லாம் சிதறிக் கிடந்ததால், ஊருக்கொரு பொது ஓய்வுநேரம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையே செல்லாததாயிற்று. கைபேசியை எதிரே சாய்த்துவைத்தால் போதும். கோல் விழுந்த இரைச்சல் கேட்டபின் நாடாவை நிறுத்தி நிமிர்ந்தாலும் மறுகாட்சி காத்திருக்கும்.

பிளாக்பர்னிலோ காட்சி தலைகீழாகியுள்ளது. ஆலைகள் மறைந்துவிட்ட அந்நகரின் ரோவர்ஸ் கழகத்தை 2010இல் புனேயைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கிஸ் வாங்கியது; 2012 மே மாதம் குழு முதல்நிலை லீக்கிலிருந்து இறங்கிய ஆட்டத்தில், எதிர்ப்புத் தெரிவித்த ரசிகர் ஒருவர் உயிர்க்கோழி ஒன்றைத் திடலுக்குள் விட்டார். அதோடு, சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் திடலுக்கு வரவேண்டும் என்பதற்காக, அந்தப் பிற்பகலில் எந்தக் கால்பந்தாட்டத்தையும் பிரிட்டனுக்குள் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக்கூடாது என்ற தடை 1960களிலிருந்து நீடிக்கிறது. அதற்காக முன்னின்று வாதிட்டவர் இன்னொரு நெசவூரான பர்ன்லியின் கழகத் தலைவர் பாப் லார்ட். தடை அந்நாட்டோடு முடிகிறது. ஆகவே பிரிமியர் லீக்கின் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை, லங்காஷயர் ரசிகர் சீட்டு வாங்காமல் பார்க்க முடியாது. ஆரணியிலிருப்பவர், கோடையில் இரவு ஏழரைக்கும் குளிர்காலத்தில் எட்டரைக்கும், தறிக்குழியை விட்டு எழாமலேயே பார்க்கலாம்.