கிராமத்து ரோமியோ ஜூலியட்

சுவிஸ் எழுத்தாளர் கோட்ஃபிரீட் கெல்லர் (1819–1890) ஜெர்மன் மொழியில் எழுதிய குறுநாவல். 'செல்ட்வில்லா மக்கள்' தொகுப்பில் 1856இல் வெளிவந்தது. இளம் காதலர் இருவரின் தற்கொலை பற்றி 1847இல் வந்த செய்தித்தாள் குறிப்பே இதற்கு வித்து.

மான்ஸ், மார்ட்டி என்ற இரு விவசாயிகளின் நிலங்களுக்கு நடுவே உரிமையாளரில்லாத தரிசு ஒன்று. ஆண்டுதோறும் உழும்போது இருவரும் அதிலிருந்து ஒவ்வொரு சால் தம் பக்கம் சேர்த்துக்கொள்கிறார்கள். தம் வயலில் பொறுக்கிய கற்களை அதில் எறிகிறார்கள். பின்னர் மான்ஸ் அதை ஏலத்தில் எடுக்க, மார்ட்டி உழுதுகொண்ட முக்கோணத் துண்டுக்காக வழக்கு மூள்கிறது. இரண்டு குடும்பங்களும் ஓட்டாண்டியாகின்றன. நிலத்தின் உண்மையான வாரிசான கறுப்புப் பிடில்காரனுக்கோ பிறப்பை நிரூபிக்கத் தாள் இல்லை; அதைக் காட்டி ஊர் அவன் உரிமையை மறுக்கிறது. ஊரார் கூட்டாக இழைத்த இந்த அநீதியே கதையின் ஆழமான பகுதி. காதல் அதன் பலி.

மான்ஸின் மகன் சாலியும் மார்ட்டியின் மகள் ஃப்ரென்ஷனும் காதலிக்கிறார்கள். மகளை அடித்த மார்ட்டியைச் சாலி கல்லால் தாக்க, அவர் சித்தம் கலங்குகிறார். அதன்பின் திருமணம் சாத்தியமில்லை. ஒருநாள் முழுதும் சேர்ந்து திரிந்து, ஆடி, வைக்கோல் ஏற்றிய படகில் ஆற்றோடு சென்று, விடியற்காலையில் நீரில் இறங்கி மாள்கிறார்கள்.

ஃபிரெடரிக் டீலியஸ் இக்கதையை இசைநாடகமாக்கினார். அது 1907இல் பெர்லினில் முதன்முதலாக அரங்கேறியது.