கலையில் அழகின் இடமும் ‘அழகியல்’ என்னும் கலைச்சொல்லும்

முன்னுரை

கலைக்கோட்பாட்டை ஆராயும் துறைக்குத் தமிழில் அழகியல், முருகியல் என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இரண்டும் அழகையே அடியாகக் கொண்டவை. ஆயின், இருபதாம் நூற்றாண்டுக் கலையின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி, கலை அழகை விட்டு விலகிய வரலாறாகும். துறையின் பெயருக்கும் பொருளுக்கும் இடையே தோன்றிய இம்முரண் மொழிபெயர்ப்பாளர்க்கு விளைக்கும் இடர்ப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லின் வரலாறு

ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘எஸ்தெட்டிக்ஸ்’ என்பது புலனுணர்வைக் குறிக்கும் ‘ஐஸ்தேசிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஜெர்மானிய அறிஞர் பௌம்கார்ட்டன் 1735-இல் இதனைத் துறைப்பெயராக்கினார். 1750-இல் இலத்தீனில் வெளியிட்ட நூலுக்கும் இப்பெயரையே இட்டார். அவர் வரையறுத்தது புலனறிவு பற்றிய அறிவியல். புலனறிவின் நிறைவே அழகு என்று அவர் கொண்டமையால், அழகு அத்துறைக்குள் இடம்பெற்றது.

காண்ட் 1781-இல் எழுதிய முதல் விமரிசன நூலில் இச்சொல்லைப் புலனுணர்வு என்னும் மூலப்பொருளில் ஆண்டார். சுவை பற்றிய திறனாய்வுக்கு இதனை வழங்குவதை அடிக்குறிப்பில் மறுத்தார். அவரே 1790-இல் எழுதிய நூலில் சுவைத்தீர்ப்புக்கு இதனை ஏற்றார். ஒரே ஆசிரியரின் இரு நூல்களில் ஒரே சொல் இரு பொருள்பட நிற்கிறது. முதல் நூலில் இடமும் காலமும் பற்றிப் பேசும் பகுதிக்கு ‘அழகியல்’ என்று பெயரிட்டால், அங்கு இல்லாத அழகைப் படிப்பவர் தேட நேரும்.

அழகின் விலகல்

பீங்கான் சிறுநீர்த்தொட்டி ஒன்றை மார்செல் துஷாம்ப் 1917-இல் நியூயார்க் கண்காட்சிக்குப் புனைபெயரில் அனுப்பினார். அது காட்சிக்கு வைக்கப்படவில்லை. இத்தகைய பொருள்களை அழகு கருதித் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அவர் 1961-இல் ஆற்றிய உரையில் விளக்கினார். நற்சுவை, தீச்சுவை ஆகிய இரண்டும் அற்ற நிலையில் தேர்ந்ததாகக் கூறி, அந்நிலைக்கு மருத்துவத்தில் உணர்விழப்பைக் குறிக்கும் ‘அனஸ்தீசியா’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். இது ‘எஸ்தெட்டிக்ஸ்’ என்பதன் வேரிலிருந்தே எதிர்மறையாய்ப் பிறந்த சொல். தமிழில் ஒன்றை ‘அழகியல்’ என்றும் மற்றதை ‘உணர்விழப்பு’ என்றும் பெயர்த்தால் இவ்வுறவு அறுபடும். ‘புலனுணர்வியல்’ என்று பெயர்த்தால் ஓரளவு எஞ்சும்.

இந்திய மரபும் தலித் விமரிசனமும்

கலையை அழகோடு மட்டும் பிணைப்பது தமிழ் மரபுமன்று. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரலும் அச்சமும் உண்டு. அந்நூலின் செய்யுளியலில் ‘அழகு’ என்பது எட்டு வனப்புகளுள் ஒன்றன் பெயர் மட்டுமே.

எனினும், ‘அழகியல்’ என்பதே பொருந்தும் இடமும் உண்டு. சரண்குமார் லிம்பாளே 1996-இல் மராத்தியில் வெளியிட்ட நூல், தலித் இலக்கியத்தின் ‘சௌந்தரியசாஸ்திரம்’ என்று தலைப்பிடப்பட்டது. இன்பம் தருதலையே இலக்கிய அளவுகோலாகக் கொள்வதை மறுக்கும் நூல், அழகைக் குறிக்கும் சொல்லையே தலைப்பில் தாங்கியது. அழகு எது என்று தீர்ப்பளிக்கும் உரிமை எவருடையது என்னும் வினா அத்தலைப்பிலேயே தொடங்குகிறது. 2004-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பில் ‘எஸ்தெட்டிக்’ என்னும் சொல் இடம்பெற்றமையால் அழகு நேராகச் சுட்டப்படவில்லை. தமிழில் ‘தலித் அழகியல்’ என்னும் தொடர் மூலத்தின் கூர்மையைக் காக்கிறது.

அழகின் மீள்வரவு

ஆர்தர் டான்டோ 2003-இல் அழகு பற்றி எழுதிய நூலின் தலைப்பில் ‘அப்யூஸ்’ என்னும் சொல் உள்ளது. இது ‘தவறான பயன்பாடு’ அன்று. அழகைப் பழித்ததாகக் கூறும் பிரெஞ்சுக் கவிஞர் ரம்போவை நினைவூட்டும் ‘பழித்துரை’ ஆகும். கலையின் வரையறைக்கு அழகு இன்றியமையாததன்று என்று டான்டோ நிறுவினார். ஆயின், படைப்பின் பொருளோடு ஒன்றிய அழகை அவர் ஏற்றார். ஸ்பானியக் குடியரசின் வீழ்ச்சிக்கு இரங்கி ராபர்ட் மதர்வெல் தீட்டிய ஓவியத்தொடர் இதற்குச் சான்று. கையறுநிலைப் பாடலில் போலவே அங்கும் அழகு துயரத்தின் வடிவமாகிறது.

முடிவுரை

தற்காலக் கலையில் அழகு கட்டாயமன்று. ஆனால் அது கலைஞர் பொருள்கருதித் தெரிந்துகொள்ளத்தக்க ஒன்றாய் நிலைபெற்றுள்ளது. மொழிபெயர்ப்பாளரும் ‘அழகியல்’ என்னும் சொல்லை அவ்வாறே தெரிந்து ஆளுதல் வேண்டும். மூலம் அழகைப் பேசும் இடத்திலும், அழகின் உரிமைக்காக வாதிடும் இடத்திலும் அச்சொல் நிற்கலாம். புலனுணர்வைப் பேசும் இடத்தில் அதனை விலக்குவதே மூலத்துக்கு நேர்மையாகும்.