சென்னை – ஜித்தா: விமானத் தூரமும் பயண நேரமும்

உம்ரா செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "ஜித்தா எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?" என்பதுதான். இந்தக் கணக்கைப் பொறுத்தே இஹ்ராம், தொழுகை, நோன்பு ஆகியவையும் அமைகின்றன.

தூரம்: சென்னை விமான நிலையத்திலிருந்து ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையம் வரை நேர்த்தூரம் சுமார் 4,450 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய 2,760 மைல். வான்பாதை நேர்க்கோடாக அமையாததால் விமானம் சற்றுக் கூடுதலாகவே பறக்கும்.

நேரம்: நேரடி விமானத்தில் போகும்போது ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் ஆகும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் திரும்பும் பயணம் பொதுவாகச் சற்றுக் குறையும். துபாய், மஸ்கட் வழியாக மாறிச் சென்றால் தூரம் அதிகம் கூடாது. காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

கடிகாரம்: சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டு 5 மணி 45 நிமிடம் பறந்தால், அங்கே பகல் 1.15 மணிக்கு இறங்குவீர்கள். திரும்பும்போது மாலை 6 மணிக்கு ஏறி ஐந்தேகால் மணி நேரம் பறந்தால், சென்னையில் மறுநாள் அதிகாலை 1.45 ஆகிவிடும். அழைத்துப்போக வருபவர்களிடம் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மீகாத்: மக்காவுக்கு நேராகச் செல்பவர் மீகாத்தை இஹ்ராம் இல்லாமல் கடக்கக் கூடாது. கடந்தவர் திரும்பிச் சென்று இஹ்ராம் செய்யவேண்டும்; இல்லையேல் தம் (பலி) கொடுக்கவேண்டும். கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் பொதுவாக தாயிஃப் அருகிலுள்ள கர்னுல் மனாஸில் பகுதியை ஒட்டி வரும். தரையிறங்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும்போதே அந்த எல்லை வந்துவிடும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நிமிடத்தில் 14 கிலோமீட்டர். அறிவிப்பு வந்த பிறகு கழிவறை வாசலில் வரிசையில் நின்று உடை மாற்ற அவகாசம் இருக்காது.

ஆகவே ஆண்கள் இஹ்ராம் துணியைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலேயே உடுத்திக்கொள்வது இன்னும் நல்லது. அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்துத் தல்பியா ஓதலாம். பெண்களுக்குத் தனி உடை இல்லை. நிய்யத் மட்டும் தவறக்கூடாது. தூங்கும் பெரியவர்களை முன்கூட்டியே எழுப்பிவிடுங்கள். முதலில் மதீனா செல்பவர்களுக்கு விமானத்தில் இஹ்ராம் தேவையில்லை. மக்கா புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் செய்யலாம்.

நோன்பு: மேற்கே பறக்கும்போது பகல் நீளும். ரமலானில் நோன்புடன் சென்றால் சென்னை நேரத்தைப் பார்த்துத் திறக்கக்கூடாது. நீங்கள் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்த பிறகே திறக்கவேண்டும். பயணிக்கு நோன்பை விட்டுப் பிறகு நோற்கும் சலுகையும் உண்டு.

இறங்கிய பின்: விமான நிலையத்திலிருந்து மக்கா சாலை வழியே சுமார் 100 கிலோமீட்டர். ஹரமைன் அதிவேக ரயிலிலும் செல்லலாம். குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்து இன்னும் சில மணி நேரம் ஆகும். வயதானவர்களின் மருந்தையும் சிறிது உணவையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.