ஆர்.டி.ஐ: பட்டியலில் இருக்கும் பெயரை இனி கேட்க முடியுமா?

உங்கள் ஊரில் சாலை போட்டதாகக் கணக்கு இருக்கிறது, சாலையைத்தான் காணோம். கூலி யார் பெயரில் போனது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ) இதைக் கேட்கலாம். ஆனால் பெயர் கிடைக்குமா என்பதுதான் இப்போது கேள்வி.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்?

இந்தச் சட்டம் பிறந்ததே பெயர்ப் பட்டியலில்தான். 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. இத்தகைய விசாரணைகளில் கூலிப் பதிவேட்டை ஊரார் முன் சத்தமாக வாசிப்பார்கள். 'நான் அந்த வேலைக்கே போகலையே' என்று ஆட்கள் எழுந்து சொன்னபோது ஊழல் அம்பலமானது. 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணா நடந்தது. 1997-ல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியது. நாடு தழுவிய சட்டம் 2005 அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்தது.

என்ன மாறியது?

முன்பு பிரிவு 8(1)(ஜே)-யின்படி, பொதுப்பணியோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட தகவலை மறுக்கலாம். அப்போதும் பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை மக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது.

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிபந்தனைகளை அந்தப் பிரிவிலிருந்து நீக்கிவிட்டது. 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்பதே மறுக்கப் போதுமான காரணம். பயனாளி, ஒப்பந்ததாரர், கையெழுத்திட்ட அதிகாரி என எல்லாப் பெயரும் இதற்குள் வந்துவிடலாம் என்பதுதான் ஆர்வலர்களின் கவலை.

அரசு என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்தம் அதற்கு ஏற்பத்தான் என்கிறது அரசு. பிரிவு 8(2) அப்படியே இருப்பதையும் சுட்டிக்காட்டுகிறது. அந்தப் பிரிவின்படி, பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம். சிக்கல் என்னவென்றால், அதை முதலில் எடைபோடுபவர் அதே அலுவலகத்தின் தகவல் அலுவலர்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

* ஏன் பொதுநலன் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். பிரிவு 8(2)-ஐக் குறிப்பிடுங்கள்.
* 30 நாளில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.
* அடுத்து, 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

சாலைக்கு எவ்வளவு செலவு என்ற தொகையை மட்டும் வைத்து ஊர் எதையும் சரிபார்க்க முடியாது. பெயர் இருந்தால்தான் 'அது நான் இல்லை' என்று ஒருவர் எழுந்து சொல்ல முடியும்.