எல்லையோரச் சபைகளில் ‘சிட்சை’

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைய, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. இரு மொழியும் வழங்கும் இவ்வெல்லையூர்களின் கிறித்தவரிடையே உடல் துன்பத்திற்கு வேதாகமம் தரும் பெயர் ‘சிட்சை’. எபிரெயர் நிருபம் 12ஆம் அதிகாரத்தில் அதன் கிரேக்க மூலம் ‘பைதெயா’. பிள்ளையைப் பயிற்றி வளர்த்தல் என்பது பொருள். மலையாள வேதாகமத்தின் ‘பாலசிக்ஷ’ அப்பிள்ளையை மறக்கவில்லை. எனினும் இன்றைய மலையாளத்தில் ‘சிக்ஷ’ நீதிமன்றத் தண்டனையே. கல்வியெனும் வடமொழி முதற்பொருள் செவியில் மங்கிவிட்டது. நோயாளி தன்னைப் பிள்ளையாகக் கருதுவதும் குற்றவாளியாகக் கருதுவதும் இவ்வொரு சொல்லைப் பொறுத்தன.

நோயைச் சிட்சை என்றமையால் மருந்து விலக்கப்படவில்லை. இலண்டன் மிஷன் 1838இலேயே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிற்று.

மனிதர் இழைத்த துன்பமோ வேறு. தோள்சீலைக் கலகத்தில், 1858-59இல், தென் திருவிதாங்கூர்க் கிறித்தவர் தாக்கப்பட்டனர், சிற்றாலயங்கள் எரிந்தன. அந்நிருபமே துன்புறுத்தப்பட்டோருக்கு எழுதப்பட்டதாதலின் அக்காயங்களையும் சிட்சையென்று பொறுத்திருக்கலாம். (அடித்தவனுக்கு இதனினும் வசதியான விளக்கம் கிடைப்பதரிது.) ஆனால் மிஷனரிகள் அரசருக்கு விண்ணப்பித்தனர், சென்னை ஆளுநர் டிரெவெலியன் வற்புறுத்தினார், 1859 ஜூலை 26இல் நாடார் பெண்டிர் மேலாடைக்கு அனுமதி அறிவிக்கப்பட்டது.